முதல் கோணமா, மூன்றாம் கோணமா? ஒரே வரைபடம், இரண்டு உருப்படிகள்

80 மி.மீ. அகலம், 40 உயரம், 50 ஆழம் உள்ள ஓர் இரும்புக் கட்டையை எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டு துளைகள். ஒன்று முன்னிருந்து பின்னாக ஊடுருவிச் செல்கிறது. இடது ஓரத்திலிருந்து 20, அடியிலிருந்து 28. மற்றொன்று இடமிருந்து வலமாக ஊடுருவுகிறது, அடியிலிருந்து 10. தாளில் முன்தோற்றமும் அதற்கு வலப்பக்கம் ஒரு பக்கத்தோற்றமும் மட்டும் இருக்கின்றன. பக்கத்தோற்றத்தில், முன்தோற்றத்துக்கு அருகிலுள்ள விளிம்பிலிருந்து 12 மி.மீ. தள்ளி ஒரு வட்டம்.

அந்தத் துளையை எங்கே போடுவது? பொறியியல் வரைபடத்தில் தோற்றங்களைத் தாளில் அடுக்க முதல் கோணம், மூன்றாம் கோணம் என இரண்டு முறைகள் உண்டு. முதல் கோண முறையில் படித்தால் கட்டையின் பின்முகத்திலிருந்து 12. மூன்றாம் கோண முறையில் படித்தால் முன்முகத்திலிருந்து 12. இரண்டு துளைகளும் முழுக்க ஊடுருவுவதால், மறைந்திருக்கும் விளிம்புகளைக் குறிக்கும் புள்ளிக்கோடுகளும் காட்டிக்கொடுக்காது. செய்து முடித்த இரண்டு கட்டைகளையும் எப்படித் திருப்பினாலும் ஒன்று மற்றொன்றாகாது. கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல இடவலம் மாறியே நிற்கும். வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்தால் இரண்டிலும் எல்லா அளவுகளும் சரியாக இருக்கும். தரச் சோதனையில் தேறி, பொருத்தும்போதுதான் பிழை பல்லைக் காட்டும்.

காரணம் எளிது. முதல் கோணத்தில் பார்ப்பவருக்கும் படத்தளத்துக்கும் (தோற்றம் விழும் தளம்) நடுவே பொருள் இருக்கிறது. இடப்பக்கமிருந்து பார்த்ததைப் பொருளுக்கு அப்பால், அதாவது வலப்பக்கம் வரைகிறோம். மேலிருந்து பார்த்தது கீழே போகிறது. மூன்றாம் கோணத்தில் பார்ப்பவருக்கும் பொருளுக்கும் நடுவே படத்தளம் நிற்கிறது. வலப்பக்கம் கண்டது வலத்திலேயே, மேலே கண்டது மேலேயே அமர்கிறது. கிடைத்தளமும் நிலைத்தளமும் ஒன்றையொன்று வெட்டி உண்டாக்கும் நான்கு பகுதிகளே இந்தக் கோணங்கள். இரண்டாம், நான்காம் கோணங்கள் போட்டிக்கே வருவதில்லை. அவற்றில் கிடைத்தளத்தை மடக்கி விரித்தால் முன்தோற்றமும் மேல்தோற்றமும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்துவிடும்.

முதல் கோணத்துக்கு வம்சப் பெருமை உண்டு. பிரான்சில் மெஸியேர் ராணுவப் பொறியியல் பள்ளியில் காஸ்பார் மோன்ஜ் கோட்டைச் சுவர்களின் வடிவமைப்புக்காக உருவாக்கிய வரைகணித முறையின் வழித்தோன்றல் அது. அந்த முறையை ராணுவ ரகசியமாகவே வெகுகாலம் பூட்டி வைத்திருந்தார்கள். 1795இல்தான் அவர் பொதுவில் பாடம் நடத்த முடிந்தது. ஐரோப்பா இன்றும் பெரும்பாலும் முதல் கோணத்தில் வரைகிறது. அமெரிக்காவும் ஜப்பானும் மூன்றாம் கோணம். பிரிட்டனின் பழைய வரைபடத் தரமான பிஎஸ் 308 இரண்டையும் ஏற்றது. சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 5456-2உம் அப்படியே. நம் நாட்டில், இந்தியத் தர நிர்ணய அமைவனம் பள்ளி கல்லூரிகளுக்காக 1988இல் வெளியிட்ட எஸ்பி 46 என்ற வரைபடக் கையேடு முதல் கோணத்தைச் சொல்கிறது. பாலிடெக்னிக்கிலும் பொறியியல் முதலாண்டிலும் மாணவர் அதையே வரைந்து பழகுகிறார். பிறகு வேலைக்குப் போய், ஜப்பானிய வாடிக்கையாளர் அனுப்பிய வரைபடத்தைக் கையில் வாங்கும்போது எல்லாம் இடம் மாறிக் கிடக்கிறது.

எது மேல்? படிப்பவரின் பக்கம் நின்று பார்த்தால் மூன்றாம் கோணம்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நீளமான ஒரு ஷாஃப்டை (இயந்திரத் தண்டு) வரைந்து பார்த்தாலே தெரிந்துவிடும். 841 மி.மீ. அகலமுள்ள ஏ1 தாளில் ஷாஃப்ட் ஏறக்குறைய முழு அகலத்துக்கும் படுத்திருக்கிறது. அதன் இடது முனை சதுரமாகச் சீவப்பட்டிருக்கிறது. மூன்றாம் கோணத்தில் அந்தச் சதுரம் இடது முனைக்குப் பக்கத்திலேயே இருக்கும். முதல் கோணத்தில் வலது முனையையும் தாண்டிப் போய் உட்கார்ந்திருக்கும்! லேத்தில் நிற்பவர் இடது முனையின் அளவுக்குத் தாளின் வலது கோடிக்குப் போய்வர வேண்டும். பழகிவிட்டால் சிரமமில்லை என்பார்கள். பழக்கத்தால் சரிக்கட்ட வேண்டியிருக்கிறது என்பதே குறைதானே?

முதல் கோணத்தின் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கட்டட வரைபடத்தில் மேலே முகப்பு, கீழே தளப்படம் என்ற அடுக்கு கண்ணுக்கு இயல்பாக இருக்கிறது. கற்பிப்பதற்கும் வசதி: பொருளைச் சுவரோரம் வைத்து, பின்னால் சுவரில் என்ன விழும் என்று கேட்டால் மாணவர் சொல்லிவிடுவார். ஆனால் இயந்திர உறுப்புகளைப் பொறுத்தவரை முதல் கோணக்காரர்களே ஓரிடத்தில் விட்டுக்கொடுக்கிறார்கள். ஷாஃப்டில் கீவே (சாவிக்கட்டை உட்காரும் பள்ளம்) இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் வடிவத்தைக் காட்ட முழு மேல்தோற்றம் தேவையில்லை. அந்தப் பள்ளத்தை மட்டும் தனியாக வரைந்து மையக்கோட்டால் இணைத்துவிடலாம். இத்தகைய துண்டுத் தோற்றங்களை, மற்றபடி முதல் கோணத்தில் வரைந்த தாளிலும், மூன்றாம் கோணப்படியே வைக்க வேண்டும் என்பது ஐஎஸ்ஓ 128 தரத்தின் விதி. அதாவது கீவேக்கு நேர் மேலேயே. எட்டத்தில் வைத்தால் குழப்பம் வரும் என்று தெரிந்துதானே அப்படிச் சொல்கிறார்கள்?

அதற்காக நாளையே கம்பெனியின் எல்லா வரைபடங்களையும் மூன்றாம் கோணத்துக்கு மாற்றுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பாதி பழையது, பாதி புதியது என்று அலமாரியில் கலந்து கிடப்பதைவிட ஆபத்தானது வேறில்லை. வாடிக்கையாளரின் படத்தை ‘நம் முறைக்கு’ மாற்றி வரைவதும் அதே வகை வினைதான். வந்த படத்தை வந்தபடியே படிக்க ஆட்களைப் பழக்குவது மேல்.

படத்தை வாங்கியதும் தலைப்புக் கட்டத்தில் (படத்தின் விவரங்கள் எழுதிய கட்டம்) குறியீட்டைத் தேட வேண்டும். நுனி வெட்டிய கூம்பும் அதன் அருகே ஒன்றுக்குள் ஒன்றாக இரு வட்டங்களும் இருக்கும். கூம்பின் அகன்ற முனை வட்டங்களை நோக்கி இருந்தால் முதல் கோணம். குறுகிய முனை நோக்கியிருந்தால் மூன்றாம் கோணம். குறியீடே இல்லையென்றால் ஊகிக்காமல் போன் செய்து கேட்டுவிட வேண்டும். வரைபவருக்கும் ஒரு சொல்: சாலிட்வொர்க்ஸ் போன்ற மென்பொருளில் தாளின் அமைப்பிலேயே கோண முறையைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கிறது. யாரோ கொடுத்த டெம்ப்ளேட்டில் அது என்னவாக இருக்கிறது என்று முதல் கோட்டைப் போடுமுன் பாருங்கள். தோற்றங்கள் ஒரு முறையிலும் தலைப்புக் கட்டத்தில் ஒட்டிய குறியீடு மற்றொரு முறையிலும் இருப்பது, குறியீடே இல்லாததைவிட மோசம்.

இடவலம் மாறினால் கெட்டுவிடும் உருப்படி என்றால் இன்னொரு வழியும் உண்டு. எந்தத் திசையிலிருந்து பார்க்கிறோம் என்பதை அம்புக்குறியும் எழுத்தும் போட்டுக் காட்டி, அதே எழுத்தைத் தோற்றத்தின் மேல் எழுதிவிட்டால் அதைத் தாளில் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். தரமே இதை அனுமதிக்கிறது. மூலையில் ஒரு முப்பரிமாணப் படத்தையும் சேர்த்துவிட்டால், மேலே சொன்ன இரும்புக் கட்டையை ஒரே விதமாகத்தான் செய்ய முடியும். சாதாரண புஷ், வாஷர் போன்ற வட்டமான உருப்படிகளுக்கு இந்த மெனக்கெடல் எதுவும் வேண்டாம். எந்தக் கோணத்தில் படித்தாலும் அதே புஷ்தான்.