கேப்ஸ் லாக்கை உருப்படியாக்கிய கீடி

என் இடது சுண்டுவிரல் வலிக்க ஆரம்பித்த பிறகுதான் கீபோர்டு விசைகளின் வேலையை மாற்றும் வழியைத் தேடி இறங்கினேன், லினக்ஸுக்கான கீடி (keyd) என்ற மென்பொருளில் வந்து நின்றேன். நாள் முழுக்க விம் என்ற உரைத் திருத்தியிலும், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலிலும் இருப்பவன் நான். அங்கே அடிக்கடி தேவைப்படும் கண்ட்ரோல் கீழ் மூலையில், எஸ்கேப் மேல் மூலையில். விரலை ஒட்டியே அகலமாக இருக்கும் கேப்ஸ் லாக்கையோ நான் தொடுவதே இல்லை.

முன்பு எக்ஸ்மாட்மேப் என்ற பழைய விசைமாற்றக் கருவியை வைத்துச் சமாளித்தேன். யூஎஸ்பி கீபோர்டைக் கழற்றி மாட்டினால் மாற்றம் போய்விடும், மறுபடி ஓடவிட வேண்டும். லினக்ஸ் திரையைக் கையாளும் பழைய எக்ஸ்11 அமைப்பிலிருந்து புதிய வேலாண்டுக்கு மாறியதும் அந்த வழியும் அடைபட்டது.

கீடி இதையெல்லாம் அடிமட்டத்திலேயே முடித்துவிடுகிறது. இயங்குதளத்தின் மையமான கெர்னல் தரும் விசை அழுத்தங்களை முதலில் தானே பிடித்து, மாற்றி, ஒரு மெய்நிகர் கீபோர்டிலிருந்து வருவதுபோல மேலே அனுப்புகிறது. அதனால் எக்ஸ்11, வேலாண்டு, வெறும் எழுத்துக் கன்சோல் எல்லாவற்றுக்கும் ஒரே அமைப்புக் கோப்பு போதும். அதில் நான் எழுதிய முக்கியமான வரி ஒன்றே ஒன்று, ஓவர்லோட், அதாவது ஒரே விசைக்கு இரண்டு வேலை. கேப்ஸ் லாக்கை அழுத்திப் பிடித்தால் கண்ட்ரோல், தட்டிவிட்டால் எஸ்கேப். என் கைகளுக்கு இவ்வளவு நிம்மதி தந்த மென்பொருள் வேறில்லை.

அப்புறம் பிரிண்ட் ஸ்கிரீன். என் மடிக்கணினியில் அது வலது ஆல்ட்டுக்கும் கண்ட்ரோலுக்கும் நடுவில் இருக்கிறது, கை தவறிப் பட்டுக்கொண்டே இருக்கும். அதையும் கண்ட்ரோலாக்க நினைத்தேன், என்ன பெயர் எழுதுவது என்று தெரியவில்லை. 'கீடி மானிட்டர்' என்று ஓடவிட்டு விசையை அழுத்தினேன், 'சிஸ்ஆர்க்யூ' என்று காட்டியது. பெயர் தெரிந்தபின் ஒரு நிமிட வேலைதான்.

இரண்டு விஷயம் முன்பே தெரிந்திருந்தால் எனக்கு ஒரு மாலைப் பொழுது மிஞ்சியிருக்கும். கீடி வந்ததும், தட்டச்சு செய்யும்போது டச்பேட் தானாக அடங்குவது நின்றுபோனது. உள்ளங்கை பட்டு கர்சர் தாவியது. கீபோர்டு, டச்பேட் உள்ளீடுகளைக் கையாளும் லிப்இன்புட், கீடியின் அந்த மெய்நிகர் கீபோர்டை மடிக்கணினியோடு சேர்ந்ததாக எண்ணாததுதான் காரணம். லிப்இன்புட்டின் குவிர்க்ஸ் (தனிச் சாதனங்களுக்கான விதிவிலக்குகள்) கோப்பில் அதை 'இன்டர்னல்' (உள்ளமைந்தது) என்று குறித்ததும் சரியாகிவிட்டது. இன்னொன்று, அமைப்புக் கோப்பில் தப்பாக எழுதி கீபோர்டே கட்டுப்படாமல் போனால் பதற வேண்டாம். பேக்ஸ்பேஸ், எஸ்கேப், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கீடி நின்றுவிடும், விசைகள் பழையபடி வேலை செய்யும். முதல் நாளே இதைச் செய்து பார்த்துவிடுங்கள்.

ரூட் உரிமையோடு, அதாவது கணினியின் முழு நிர்வாக உரிமையோடு ஓடும் சேவை இது. அலுவலகக் கணினியில் அந்த உரிமை இல்லாதவர்களுக்கு உதவாது. பொத்தான்களோடு கூடிய அமைப்புத் திரையும் இல்லை, கோப்பைத் திருத்தி 'கீடி ரீலோட்' கொடுக்க வேண்டும். எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை.

வெளியே மாட்டும் என் இன்னொரு கீபோர்டில் கண்ட்ரோல் ஏற்கெனவே கேப்ஸ் லாக் இடத்திலேயே இருக்கிறது. அமைப்புக் கோப்பில் அந்தக் கீபோர்டின் ஐடிக்கு (அடையாள எண்ணுக்கு) முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டேன், கீடி அதைத் தொடுவதில்லை.