பீட் சதுப்புக்கு ஆடா, இயந்திரமா?

வட ஜெர்மனியின் டீப்ஹோல்ஸ் பகுதியில் பிர்ச் மரக்கன்றுகள் மண்டினால், பாதி மக்கிய தாவரங்கள் படிந்து உருவான பீட் சதுப்பு நிழலடைந்து, ஈரமும் குறையும். வெட்டவெளியில் கூடு கட்டும் பறவைகள் போய்விடும். கன்றுகளை அகற்ற யாரைக் கூப்பிடுவது?

வேலை: இயந்திரம் சட்டென்று மொட்டையடித்துவிடும், ஆனால் பிர்ச் கட்டை மறுபடி துளிர்க்கும். கொம்பில்லாத வெள்ளை மோர்ஷ்னுக்கே என்ற செம்மறி ஆடு அந்தத் துளிரையும் கடிக்கும். திட்டுத்திட்டாக மேய்வதால் சிலந்திக்கும் பூச்சிக்கும் ஒளிய இடம் மிஞ்சும்.

ஈரம்: கனமான சக்கரம் புதையும். ஆட்டுக்கு எடை குறைவு, குளம்பும் ஈரத்தைத் தாங்கும்.

செலவு: இயந்திரத்துக்கு வேலை நாளில் மட்டும். ஆட்டுக்கு மேய்ப்பர், பட்டி, இப்போது ஓநாய்க்குப் பயந்து மின்வேலியும். இறைச்சி விற்றுக் கட்டுப்படியாகும் என்று நான் நம்பவில்லை.

ஆளுயர மரத்துக்கு முதலில் ரம்பம்தான். அப்புறம் வருடாவருடம் ஆடு.