ஹார்டு டிஸ்க்கா, எஸ்எஸ்டியா?

கணினி மெதுவாக இருக்கிறது என்று யாராவது கொண்டுவந்தால், உள்ளே தகவலைச் சேமித்து வைப்பது ஹார்டு டிஸ்க்கா, எஸ்எஸ்டியா என்றுதான் முதலில் பார்ப்பேன். ஹார்டு டிஸ்க்கில் தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கிறது. படிக்கும் முனை அதன்மேல் நகர்ந்து நகர்ந்து தகவலைத் தேட வேண்டும். எஸ்எஸ்டி தகவலைச் சில்லுகளில் சேமிக்கிறது; அதில் அசையும் பாகமே கிடையாது. சாட்டா என்ற பழைய வகை இணைப்பிலேயே நொடிக்குச் சுமார் 550 மெகாபைட் வரை படிக்கும். விண்டோஸ் எஸ்எஸ்டியில்தான் இருக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

கெட்டுப்போகும் விதம் வேறு. ஹார்டு டிஸ்க் பல நேரம் ‘டக், டக்’ என்று சத்தமிட்டு எச்சரிக்கும். கேட்டதும் கணினியை அணைத்துவிடுங்கள். ஓடவிட்டால் தட்டில் கீறல் விழக்கூடும். எஸ்எஸ்டியோ சொல்லாமல் கொள்ளாமல் போய்விடலாம். அழித்த கோப்பு இருந்த இடத்தை எஸ்எஸ்டி காலிசெய்ய உதவும் ‘டிரிம்’ வசதி இயங்கினால், அந்தக் கோப்பை மீட்பதும் அரிது. குறைந்த செலவில் காப்புப் பிரதி வைக்க ஹார்டு டிஸ்க் போதும்.