கண்ணாடியில் மில், திருகில் எம்.ஓ.ஏ.: 3,800 ரூபாய் ஸ்கோப்

ஓய்வு பெற்று உச்சிப்புளிக்குத் திரும்பியதிலிருந்து தோப்பில் காகித இலக்கைச் சுடுவதுதான் என் பொழுதுபோக்கு. கச்சான் காற்று எழும்புமுன், காலை ஆறு மணிக்கே முடித்துவிடுவேன். பக்கத்துத் தோப்புத் தம்பி, "என்ன மாமா, பூநாரை ஏதும் மாட்டுச்சா?" என்று வாரம் ஒரு தடவை கேட்பார். உயிருள்ள எதையும் நான் சுடுவதில்லை என்று அவருக்கும் தெரியும்.

போன மாதம் ஏர்கன்னுக்கு 3-9×40 ஸ்கோப் ஒன்று வாங்கினேன்; 3 முதல் 9 மடங்கு வரை பெரிதாக்கும், முன்கண்ணாடி 40 மி.மீ. அகலமுள்ள, குறிபார்க்கும் தொலைநோக்கி. கண்ணாடி நன்று. 25 மீட்டரில் தைத்த ஓட்டை பளிச்சென்று தெரிகிறது. முன்வளையத்தைத் திருகினால் பத்து மீட்டர் வரை கலங்காமல் பார்க்கலாம். குறை வேறு இடத்தில்.

முதல் நாள் குண்டுகள் எல்லாம் மையத்திலிருந்து சரியாக ஒரு புள்ளி கீழே விழுந்தன. உள்ளே தெரியும் சிலுவைக்கோட்டில் ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஒரு மில் என்ற கோண அளவு. அதாவது 1000 மீட்டரில் ஒரு மீட்டர், 25 மீட்டரில் 25 மி.மீ. குண்டு விழும் இடத்தை ஏற்றி இறக்கும் மேல்திருகில் 1/4 என்று மட்டும் பொறித்திருந்தது. ஒரு கிளிக்குக்கு, அதாவது திருகு 'டிக்' என்று நகரும் ஒரு படிக்கு, கால் மில் என்று நினைத்து நாலு கிளிக் ஏற்றினேன். குண்டு 7 மி.மீ.தான் ஏறியது! அப்புறம்தான் கையேட்டைப் பிரித்தேன். கால் மில் இல்லை, கால் எம்.ஓ.ஏ.

எம்.ஓ.ஏ. (மினிட் ஆஃப் ஆங்கிள்) இன்னொரு கோண அளவு, பாகையில் அறுபதில் ஒரு பங்கு; முழு வட்டத்துக்கு 21,600. நான் பீரங்கிப் படையில் இருந்தவன். எங்களுக்கு வட்டம் 6400 மில், வகுத்தால் ஒரு மில்லுக்கு 3.375 எம்.ஓ.ஏ. ருஷ்யாக்காரர் வட்டத்தை 6000 ஆகப் பிரித்தார்கள், அவர்கள் கணக்கில் 3.6. ஆயிரத்துக்கு ஒன்று என்ற அசல் மில், அதாவது மில்லிரேடியன், வட்டத்துக்கு 6283 சொச்சம், அதில் 3.438. இந்தக் கையேட்டின் அட்டவணையில் 3.6 என்று போட்டிருக்கிறார்கள். எங்கிருந்து எடுத்து ஒட்டினார்களோ!

சரி, பார்த்துவிடலாம் என்று அட்டையில் 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடு போட்டு 25 மீட்டரில் ஆணியடித்தேன். மையம் ஒரு கோட்டில் நின்றால் நாலாவது புள்ளி அடுத்த கோட்டில் உட்கார்ந்தது. கையேடு சொல்வது உண்மையானால் கிட்டத்தட்ட 5 மி.மீ. தள்ளிப்போயிருக்கும். 6400 கணக்கா, மில்லிரேடியனா என்று இதில் பிரிக்க முடியாது, 2 மி.மீ. வித்தியாசத்தைப் புள்ளியின் தடிமனே விழுங்கிவிடும். ஏர்கன் குண்டான பெல்லட்டுக்கு அவ்வளவு துல்லியம் தேவையும் இல்லை. 3.438 என்று வைத்துக்கொண்டேன், மில்லுக்கு 13.75 கிளிக்.

இதெல்லாம் 9 மடங்கில் வைத்தால்தான். உருப்பெருக்கத்தை 4.5க்கு இறக்கினால் இலக்கு சுருங்கும், புள்ளிகள் அப்படியே நிற்கும். அப்போது ஒரு புள்ளி இரண்டு மில். இதைப் பெட்டியிலும் சொல்லவில்லை, கையேட்டிலும் சொல்லவில்லை. புதிதாக வாங்குகிறவர் இங்கேதான் குழம்பிப்போவார்.

திருகையும் சோதித்தேன். 55 கிளிக் ஏற்றினால் 10 செ.மீ. ஏற வேண்டும், மூன்று தடவையும் 9.6 பக்கம்தான் வந்தது. திரும்ப 55 இறக்கினால் பழைய ஓட்டையிலேயே வந்து விழுகிறது, அதனால் மன்னித்துவிட்டேன். இந்த விலைக்கு இது பரவாயில்லை.

உப்புக்காற்று தன் வேலையை ஆரம்பித்துவிட்டது. மூன்றே வாரத்தில் ஸ்கோப்பை ஏர்கன்னோடு பிணைக்கும் பிடிவளையத்தின் நாலு திருகாணியும் செந்துரு. ஸ்கோப்பின் உடம்பு அலுமினியம், அது தப்பித்தது. கடற்கரைப் பக்கம் வாங்குகிறவர்கள் முதல் நாளே எவர்சில்வர் திருகாணிக்கு மாற்றிவிடுங்கள்.

இன்னும் இரண்டாயிரம் ரூபாய் கூடப் போட முடிந்தால், புள்ளியும் மில், கிளிக்கும் 0.1 மில் என்று இருப்பதை வாங்குங்கள். ஒரு புள்ளிக்குப் பத்து கிளிக், விரல்விட்டு எண்ணிவிடலாம். நான் '9 மடங்கு, 1 புள்ளி = 14 கிளிக்' என்று துண்டுச்சீட்டு எழுதி ஏர்கன் கட்டையில் செலோடேப் போட்டு ஒட்டியிருக்கிறேன்.