ஆர்கனாய்டா, உறுப்புச் சில்லா?

எந்த மருந்து பலிக்கும் என்பதை நோயாளியின் செல்களிலேயே சோதிக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. ஆர்கனாய்டு என்பது ஸ்டெம் செல்கள் தாமாகத் திரண்டு வளரும் குட்டித் திசு. செல்களில் உப்பும் நீரும் சரியாக நகராத பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவரின் மலக்குடல் செல்களை இப்படி வளர்த்து, அந்த நகர்வைத் தூண்டும் ஃபோர்ஸ்கோலின் என்ற வேதிப்பொருளோடு மருந்தையும் சேர்ப்பார்கள். மருந்து வேலை செய்தால் உருண்டை நீர் கோத்து உப்பும். எவ்வளவு தெளிவான பதில்! ஆனால் அதில் ரத்த ஓட்டமோ மூச்சின் அசைவோ கிடையாது.

உறுப்புச் சில்லு என்பது உறுப்பின் செல்களை நுண்ணிய கால்வாய்களில் வளர்க்கும் சிறு கருவி; அதில் அவை உண்டு. 2010இல் ஹார்வர்டின் வீஸ் நிறுவனத்தார் வெளியிட்ட நுரையீரல் சில்லில், மெல்லிய சவ்வின் ஒரு பக்கம் நுரையீரல் செல்களும் காற்றும், மறுபக்கம் ரத்தக்குழாய் செல்களும் ஓடும் திரவமும். பக்க அறைகளில் காற்றை உறிஞ்சி விட விட, சவ்வு மூச்சு விடுவதுபோல விரிந்து சுருங்கும். செய்வதுதான் சிரமம். மருந்துத் தேர்வுக்கு மட்டும் என்றால் இப்போதைக்கு ஆர்கனாய்டு போதும். அழற்சி, ரத்தக்குழாய் பாதிப்பு என்று வந்தால் சில்லைத்தான் நம்புவேன்.