ஏறாமல் இருப்பதா, எழாமல் இருப்பதா?

மாண்ட்கோமரி பஸ் புறக்கணிப்பு, கிரீன்ஸ்போரோ உள்ளிருப்பு இரண்டையும் 'அறவழிப் போராட்டம்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். இரண்டுமே அமெரிக்காவின் தென்பகுதியில் கறுப்பின மக்கள் இன ஒதுக்கலை எதிர்த்து நடத்தியவைதான். ஆனால் வழி நேர் எதிர். ஒன்றில் விலகி நின்றார்கள், மற்றதில் உள்ளே போய் உட்கார்ந்தார்கள்.

மாண்ட்கோமரியில் பஸ் பயணிகளில் முக்கால்வாசிப் பேர் கறுப்பின மக்கள். பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் விட்டு எழ மறுத்த ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் கைதானதை அடுத்து, 1955 டிசம்பர் 5 முதல் அவர்கள் பஸ் ஏறவில்லை. அடி நேரே பஸ் கம்பெனியின் கல்லாப் பெட்டியில் விழுந்தது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்களும் வயதானவர்களும்கூடச் சேர முடிந்ததுதான் இந்த வழியின் பெரிய பலம். நடக்க மனசு இருந்தால் போதும்.

கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. 381 நாள் தாக்குப்பிடிக்க வேண்டும். கறுப்பின டாக்ஸிக்காரர்கள் பஸ் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஆள் ஏற்றினார்கள். 45 சென்ட்டுக்குக் குறைத்து வாங்கக் கூடாது என்று போலீஸ் மிரட்டியது. அப்புறம் சொந்தக் கார்களைத் திரட்டி ஓட்டினார்கள். பெட்ரோலுக்குப் பணம்? ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண் தோழிகளைச் சேர்த்துக்கொண்டு கேக்கும் கோழி சாண்ட்விச்சும் விற்று, போராட்டக் கூட்டம் நடக்கும்போதெல்லாம் பணம் கொண்டுவந்து கொடுத்தார். யார் தந்தது என்று கேட்டால் 'எங்கிருந்தும் வரவில்லை' என்பதுதான் பதில். பெயர் வெளியே தெரிந்தால் அந்தப் பெண்களின் வேலை போய்விடும். எனக்கு இந்தப் போராட்டத்தின் முதுகெலும்பே அந்தச் சமையலறைதான் என்று தோன்றுகிறது.

சரி, இதே வழியை கிரீன்ஸ்போரோவில் ஏன் எடுக்கவில்லை? அங்கே வுல்வொர்த் கடையில் கறுப்பினத்தவர் சாமான் வாங்கலாம், சாப்பாட்டு கவுண்டரில் மட்டும் உட்காரக் கூடாது. உட்காரவே விடாத இடத்தில் 'சாப்பிட மாட்டோம்' என்று சொன்னால் யாருக்கு நஷ்டம்? அதனால் 1960 பிப்ரவரி 1 அன்று நான்கு கல்லூரி மாணவர்கள் அதே கடையில் பற்பசை மாதிரிச் சில்லறைச் சாமான் வாங்கி, ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, கவுண்டரில் உட்கார்ந்து காபி கேட்டார்கள். அங்கே வாங்கிய காசு இங்கே மட்டும் ஏன் செல்லாது என்ற கேள்விக்கு அந்த ரசீதே சாட்சி. காபி வரவில்லை, கடை மூடும்வரை அவர்கள் எழவும் இல்லை. மறுநாள் இருபதுக்கு மேல், நான்காம் நாள் முந்நூறு பேர். கவுண்டரின் வியாபாரம் படுத்தது. ஜூலை 25 அன்று கடை இறங்கி வந்தது.

இந்த வழிக்கு ஊரே திரள வேண்டாம். ஆனால் உட்காருகிறவர் அடியையும் சிறையையும் தாங்க வேண்டும். குடும்பப் பொறுப்பு ஏறாத மாணவர்களால் அது முடிந்தது, அதுவும் பயிற்சியோடு. இதே மாதிரி உள்ளிருப்பு நடந்த இன்னொரு தென்பகுதி நகரமான நாஷ்வில்லில், ஜேம்ஸ் லாசன் என்ற அறவழிப் பயிற்சியாளர் மாணவர்களை மாதக்கணக்கில் பழக்கினார்: திட்டினாலும் அடித்தாலும் திருப்பிக் கொடுக்காதே, நிமிர்ந்து உட்கார், முகம் கவுண்டர் பக்கமே இருக்கட்டும்.

அந்த நாஷ்வில்லில்தான் இரண்டு வழியும் சேர்ந்தன. மாணவர்கள் கவுண்டரில் உட்கார்ந்தார்கள். ஈஸ்டருக்குத் துணி எடுக்கும் நேரத்தில் பெரியவர்கள் நகரக் கடைகளுக்குப் போவதை நிறுத்தினார்கள். 1960 மே 10 அன்று அங்கே ஆறு கடைகளின் கவுண்டர்கள் எல்லோருக்கும் திறந்தன.