கயிறோடு ஏறலாமா, காற்றோடு போகலாமா?

விடுமுறைக்குப் போகும் இடத்தில் வெப்பக்காற்றுப் பலூன் சவாரி உண்டு என்று தெரிந்தால் வீட்டில் எல்லாருக்கும் ஆசை வந்துவிடும். எதில் ஏறுவது என்பதில்தான் குழப்பம். ஒன்று, தரையோடு கயிறு கட்டி மேலே ஏற்றி, சில நிமிடங்களில் அதே இடத்தில் இறக்கிவிடும் பலூன். இன்னொன்று, கயிறே இல்லாமல் காற்று போகும் போக்கில் ஒரு மணி நேரம் போலப் பறந்து, எங்கோ ஒரு வெட்டவெளியில் இறங்குவது. பிள்ளைகள் இருக்கிறார்களே என்று பலர் முதலாவதை எடுக்கிறார்கள். பெரிய சவாரியின் சின்ன வடிவம்தானே அது என்று நானும் நினைத்தேன். இரண்டிலும் ஏறிய பிறகு அப்படித் தோன்றவில்லை.

முதலில் காற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாமே அதில்தான் இருக்கிறது. கயிறில்லாத பலூன் காற்றோடு சேர்ந்தே நகர்கிறது. அதனால் கூடைக்குள் காற்று வீசுவதே அநேகமாகத் தெரியாது. தலைமுடி அசையாது, ஆட்டமும் இருக்காது. பூமிதான் மெதுவாக நகர்ந்து போவதுபோல இருக்கும். கயிறு கட்டிய பலூனோ காற்றை எதிர்த்து நிற்க வேண்டும். லேசாக வீசினாலே துணி ஒரு பக்கம் அமுங்கும், கூடை சாயும், கயிறு விறைத்து வெடுக்கென்று இழுக்கும். தரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறோம், ஆனாலும் ஆட்டம் இங்கேதான் அதிகம். காற்று கொஞ்சம் கூடினாலும் முதலில் நிறுத்தப்படுவது பெரும்பாலும் கயிற்றுச் சவாரிதான்.

உயரத்துக்குப் பயப்படுகிறவர்கள் விஷயத்திலும் இதே கதை. மாடியில் நின்று கீழே பார்த்தால் கால் கூசுவதற்கு, கண்ணைத் தரைவரை இழுத்துக்கொண்டு போகும் சுவர் ஒரு காரணம். கயிற்றுப் பலூனில் அந்த வேலையைக் கயிறு செய்கிறது. கயிறில்லாமல் மேலே போய்விட்டால் கண்ணுக்கு அப்படி ஒரு பிடி இல்லை. உயரம் என்றாலே ஒதுங்கும் என் மனைவி, கயிற்றுச் சவாரியில் விளிம்பை விட்டுக் கையை எடுக்கவே இல்லை. பெரிய சவாரியில் பத்தாவது நிமிடம் எட்டிப் பார்த்து ஆடு மாடு எண்ணிக்கொண்டிருந்தாள். எல்லாருக்கும் இப்படியே நடக்கும் என்று சொல்ல மாட்டேன்.

1783 அக்டோபரில் பிரான்சில் பிலாத்ர் த ரோசியே என்பவர், மோன்கோல்ஃபியே சகோதரர்கள் செய்த பலூனில் முதலில் கயிறு கட்டித்தான் ஏறிப் பார்த்தார். அடுத்த மாதம் 21-ஆம் தேதி அவரும் மார்க்கி தார்லாந்து என்ற பிரபுவும் கயிறில்லாமல் பாரிஸ் மேல் 25 நிமிடம் போலப் பறந்தார்கள். பலூனுக்குள் காற்று ஆறாமல் இருக்க அவர்கள் நெருப்பை அணையாமல் காக்க வேண்டியிருந்தது. 1960-இல் அமெரிக்கரான எட் யோஸ்ட், புரொப்பேன் வாயுவை எரிக்கும் பர்னரோடு பறந்து காட்டிய பிறகுதான் இன்றைய சவாரிகள் வந்தன. இந்த பர்னர் எப்போதும் எரிவதில்லை. சில விநாடி பெரும் சீறலோடு எரியும், தலை உச்சி சுடும், அப்புறம் நின்றுவிடும். நின்றதும் வரும் அமைதிக்காகத்தான் நான் இந்தச் சவாரிக்கே போகச் சொல்வேன். கீழே நாய் குரைப்பது, யாரோ கதவு சாத்துவது எல்லாம் துல்லியமாகக் கேட்கும். கயிற்றுச் சவாரியில் ஏறுவதும் இறங்குவதுமாக நேரம் முடிந்துவிடுகிறது. சீறல் மட்டும்தான் மனதில் தங்கும். சத்தத்துக்கு மிரளும் குழந்தையை முதலில் தூரத்தில் நிறுத்தி பர்னரைக் கேட்க வையுங்கள்.

சரி, அப்படியானால் எல்லாரும் பெரிய சவாரிக்கே போகலாமா என்றால், இல்லை. பிள்ளையின் உயரம் பார்க்க வேண்டும். கயிற்றுச் சவாரியில் என் சின்ன மகள் கூடைக்குள் நின்றாள். அவள் முகத்துக்கு நேரே பிரம்புப் பின்னல். "அப்பா, எனக்கு ஒண்ணுமே தெரியல" என்றாள். தூக்கிக் காட்டினேன். சில நிமிடம்தானே, முடிந்தது. ஒரு மணி நேரம் அப்படித் தூக்கி வைத்திருக்க முடியாது. அதைவிட, இறங்கும்போது தூக்கி வைத்திருக்கவே கூடாது. பைலட் சொன்னதும் போகும் திசைக்கு முதுகைக் காட்டி, முழங்காலை மடக்கி, உள்ளே இருக்கும் கைப்பிடியை ஒவ்வொருவரும் தாமே பிடித்துக்கொள்ள வேண்டும். கூடை தரையில் தட்டும், கொஞ்ச தூரம் இழுபடும், சில நேரம் பக்கவாட்டில் சாய்ந்தே நிற்கும். சொன்னதைக் கேட்டுத் தானே பிடித்துக்கொள்ளத் தெரியாத பிள்ளைக்கு இது சரிவராது. பல இடங்களில் குறைந்தபட்ச வயதோ உயரமோ கேட்பது இதனால்தான். கர்ப்பிணிகளும், முட்டியிலோ முதுகிலோ தொல்லை உள்ளவர்களும், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் ஏறக் கூடாது. வயதைக் கூட்டிச் சொல்லி ஏற்றிவிடலாம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

நேரத்தில் கயிற்றுச் சவாரி சுலபம். பெரிய சவாரிக்கு இருட்டிலேயே பிள்ளைகளை எழுப்ப வேண்டும். வெயில் ஏறித் தரை சூடானால் வெப்பக்காற்று கிளம்பிப் பலூனை அலைக்கழிக்கும் என்பதால் விடியலில் புறப்படுகிறார்கள். சாயங்காலமும் சில இடங்களில் உண்டு, ஆனால் பகல் சூடு முழுதாக அடங்கியிருக்காது. நான் விடியலைத்தான் எடுப்பேன். பயணத்தின் கடைசி நாளில் மட்டும் வைக்காதீர்கள். வானிலை சரியில்லை என்று ரத்தானால் மறுநாள் வேண்டுமே. கூடை பெரிதா சிறிதா என்பதற்கு ரொம்ப யோசிக்க வேண்டாம், உள்ளே பகுதி பகுதியாகத் தடுப்பு உள்ள கூடையில் குடும்பம் ஒரே தடுப்பில் நிற்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

இதற்கு நடுவே யாரும் விலைப்பட்டியலில் போடாத இன்னொரு வழியும் இருக்கிறது. கயிறில்லாத பலூனை இயக்குகிறவர்கள் தரையில் வண்டியில் பின்தொடர்வார்கள். பலூனைத் திருப்ப ஸ்டியரிங் கிடையாது. மேலே கீழே போய், அந்தந்த உயரத்தில் எந்தப் பக்கம் காற்று போகிறதோ அதைத்தான் பைலட் பயன்படுத்த முடியும். எங்கே இறங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் அந்த வண்டிப் பயணமே ஒரு துரத்தல் விளையாட்டு. இடம் இருந்தால் வீட்டாரை ஏற்றிக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள். முட்டி வலி உள்ள என் அம்மாவும் சின்னவளும் அப்படித்தான் வந்தார்கள். நாங்கள் கூடையிலிருந்து காலை எடுத்து வெளியே வைக்கும்போது சின்னவள் புல்லில் ஓடி வந்தாள். காற்று இறங்கிக் கிடந்த துணிமேல் குப்புற விழுந்து, மிச்சக் காற்றை வெளியேற்றும் வேலையை அங்கிருந்தவர்கள் அவளுக்குக் கொடுத்தார்கள். "நான்தான் பலூனை முதல்ல பாத்தேன்" என்று அதிலேயே உருண்டுகொண்டிருந்தாள்.